கருப்புத் துணி இல்லாத சீரியல் செட்: ஒளிரும் தமிழ்த் தலைப்புகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

குடியாத்தத்தில் பந்தல், மேடை, சீரியல் விளக்கு ஆகியவற்றை வாடகைக்கு விடும் கடை ஒன்றின் உரிமையாளர், சித்திரை மாதத் தொடக்கத்தில் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் பணியறைக்கு வந்து, தம் இணையதளத்தின் தலைப்புகள் எல்லாம் "அழுக்காத் தெரியுது" என்று முறையிட்டார். அழுக்கு என்பது அவருடைய சொல். கணினி வரைகலையின் சொற்கள் எதையும் அறியாத ஒருவர் சொன்ன அந்த ஒரு சொல், கோளாறை எவ்வளவு சரியாகக் குறித்திருந்தது என்பது கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கெடு நெருக்கமாக இருந்தது. சித்ரா பௌர்ணமியன்று வேலூரில் புஷ்பப் பல்லக்குகள் புறப்படும். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும். இவ்விரண்டையும் ஒட்டிய வாரங்களில்தான் அலங்கார வேலைக்கான விசாரணைகள் மிகுதியாக வரும் என்பதால், அதற்குள் தளம் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

தளத்தில் ஐந்து தலைப்புகள் இருந்தன: கோயில் விழா, திருமணம், மேடை, வாடகை, தொடர்பு. ஐந்தும் மஞ்சள் ஒளி வீசும் எழுத்துகளாக, பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்களாக வைக்கப்பட்டிருந்தன. முதலில் தளம் முழுவதும் கருப்பாக இருந்தபோது அவற்றில் யாரும் குறை காணவில்லை. கல்யாண வீட்டார் கருப்புப் பக்கத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லப்போக, பக்கத்தின் நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றியிருக்கிறார்கள். படங்கள் பின்னணி இல்லாதவைதானே, எதன்மேல் வைத்தாலும் பொருந்தும் என்பது அவர்களுடைய கணக்கு. மாற்றிய நாளிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிப் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு வளையம் தெரியத் தொடங்கியது.

பழைய படங்களின் விளிம்பில் இருந்தது

கோப்பை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபோது, எழுத்தின் நடுவில் வெளிர்மஞ்சளும், அதனை அடுத்து நல்ல மஞ்சளும், அதற்கும் வெளியே படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போகும் பழுப்பும் இருந்தன. ஒளி தேயும் இடத்தில் நிறம் அப்படியே இருந்து அடர்த்தி மட்டும் குறைய வேண்டும். இங்கே நிறமும் சேர்ந்து இருண்டிருந்தது. முன்பு இதைச் செய்துகொடுத்த அச்சுக்கோப்பு நிலையத்தில் கருப்புத் தாளின்மேல் ஒளிரும் எழுத்தை உருவாக்கி, அடுக்குகளை ஒன்றாக்கி, பிறகு மந்திரக்கோல் கருவியால் கருப்பைத் தேர்ந்தெடுத்து, தேர்வின் ஓரத்தைச் சற்று மென்மையாக்கி அழித்திருக்கிறார்கள் என்று ஊகிக்க முடிந்தது. கருப்பு போய்விட்டது, கருப்போடு கலந்துபோன மஞ்சள் போகவில்லை.

இதனை எண்களில் வைத்துப் பார்த்தால் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகும். திரையில் ஒரு நிறத்தை, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையான மூன்று எண்களால் குறிப்பார்கள். ஒளியின் உண்மையான நிறத்தை 255, 200, 60 என்று கொள்வோம். ஒளி பாதியாகத் தேய்ந்த ஒரு பிக்சலில் அதே 255, 200, 60 என்ற நிறமும், 50 விழுக்காடு ஒளிபுகாமையும் இருக்க வேண்டும். உலாவி அந்தப் பிக்சலை வெள்ளைப் பக்கத்தின்மேல் வைக்கும்போது படத்தின் நிறத்தில் பாதியையும் பக்கத்தின் நிறத்தில் பாதியையும் கூட்டுகிறது. விடை ஏறத்தாழ 255, 228, 158, அதாவது தூய இளமஞ்சள். பழைய படத்தில் அதே இடத்தில் இருந்த நிறமோ 128, 100, 30. கருப்போடு ஒருமுறை பாதியாகக் கலந்த இந்த நிறத்துக்கு மீண்டும் 50 விழுக்காடு ஒளிபுகாமை தரப்பட்டிருந்தது. வெள்ளையில் வைத்தால் விடை 191, 178, 143. ஈரச் சுவரில் படியும் கறையின் நிறம் அது. கருப்புப் பக்கத்தில் வைத்தால் அதே பிக்சல் சற்றே மங்கலாகத் தெரியுமே தவிர உறுத்தாது. அதனால்தான் முதலில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கும் இந்தக் கணக்கு, 1984ஆம் ஆண்டில் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முறைப்படுத்தப்பட்டது. நிறத்தை ஒளிபுகாமையால் முன்னதாகவே பெருக்கி வைப்பது ஒரு வழக்கம். பெருக்காமல் தனித்தனியே வைப்பது மற்றொரு வழக்கம். திரைப்படம், அசைவூட்டம் ஆகிய துறைகளில் முதலாவது பரவலாக உண்டு. பிஎன்ஜியின் விதியோ இரண்டாவதைத்தான் கேட்கிறது. முன்னதாகப் பெருக்கிய நிறத்தைப் பெருக்காத நிறமென்று படித்தால் மேலே கண்ட அதே கரிய விளிம்பு வரும். குடியாத்தத்துப் படங்களில் இந்தப் பிழை கைவேலையால் நேர்ந்தது. மென்பொருள்களுக்கு இடையே கோப்பு மாறும்போது தானாகவும் நேர்வதை நான் வேறு வேலைகளில் பார்த்திருக்கிறேன்.

பின்னணியை அழித்து எடுக்கும் பழக்கம் ஏன் இன்னும் இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஜிஃப் வடிவத்தின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில், 256 நிறங்கள் கொண்ட பட்டியலில் ஏதேனும் ஒன்றை மட்டும் ஒளிபுகுவதாக அறிவிக்கலாம். ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், நடுநிலை கிடையாது. ஆகவே ஒளிரும் எழுத்தைச் செய்பவர், அது எந்த நிறப் பக்கத்தில் உட்காரப்போகிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த நிறத்தையே விளிம்பில் குழைத்துத் தர வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிக்சலின் ஒளிபுகாமையையும் 256 படிகளில் குறிக்கும் ஆல்ஃபா தடத்தோடு பிஎன்ஜி 1996 அக்டோபரில் வலைத்தரமாக ஏற்கப்பட்டபோதிலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அந்தத் தடம் முறையாக வேலை செய்தது 2006இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்துதான். அந்தப் பத்தாண்டுகளில் கைக்குப் பழகிப்போன வேலைமுறை, காரணம் மறைந்த பிறகும் தங்கிவிட்டது என்பது என் கருத்து.

பழைய படத்தைக் காப்பாற்ற வழி இல்லாமலும் இல்லை. படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளில் நிறத்தை ஆல்ஃபாவாக மாற்றும் வசதி இருக்கிறது. கருப்பை நீக்கச் சொன்னால், அது ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று நிற எண்களில் மிகப் பெரியதை ஒளிபுகாமையாகக் கொண்டு, அதனால் நிறத்தை வகுத்து, கலப்பதற்கு முன்னிருந்த நிறத்தை மீட்டுத் தருகிறது. 128, 100, 30 என்ற பழுப்பு, பாதி ஒளிபுகாமையோடு கூடிய 255, 199, 60 ஆகத் திரும்பிவிடும். ஆனால் இது கருப்பின்மேல் எழுத்து முழுதாக இருக்கும் மூலப்படத்துக்குத்தான் பொருந்தும். அச்சுக்கோப்பு நிலையத்தில் மூலம் என்று கிடைத்தது ஒரு ஜேபெக் படம். அதன் சுருக்கத்தால் கருப்புப் பரப்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத கட்டக்கட்டமான புழுதி படிந்திருந்தது. கருப்பை ஆல்ஃபாவாக மாற்றியதும் அந்தப் புழுதி முழுவதும் மஞ்சள் மணலாக மேலே வந்துவிட்டது. எனவே புதிதாகச் செய்வதென்று முடிவாயிற்று.

எழுத்துகளைத் தட்டச்சு செய்த கோப்பும் வந்தது. பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்ததால் என் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் திறந்தது. ஐந்து சொற்கள்தாம் என்பதால் ஒருங்குறியில் மீண்டும் அடித்துக்கொண்டேன்.

என் முதல் முயற்சியும் அதன் பிழைகளும்

புதிய படங்களின் அமைப்பு எளியது. அடியில் எந்த நிறமும் இல்லாத வெற்றுப் பரப்பு. மேலே 120 பிக்சல் உயரத்தில் ஏறத்தாழ வெண்மையான எழுத்து. இரண்டுக்கும் நடுவே அதே எழுத்தின் மஞ்சள் நகல்கள் மூன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூடுதலாக மங்கலாக்கப்பட்டவை. நடுவெழுத்து வெண்மையாக இருப்பது இன்றியமையாதது. எரியும் பல்பைக் கண்ணால் பார்த்தாலும் புகைப்படம் எடுத்தாலும் அதன் மையம் வெளுத்து, நிறம் சுற்றுவட்டத்தில்தான் தெரியும். எழுத்தையும் மஞ்சளாகவே விட்டால் அது மஞ்சள் சாயம் பூசிய எழுத்தாக நிற்குமே தவிர எரியாது.

முதல் பிழை சிறியது. கிம்பில் எழுத்தடுக்கின் எல்லை எழுத்தின் அளவோடு முடிந்துவிடும். அதனைப் படத்தின் அளவுக்கு விரிக்காமலும், மங்கலை அடுக்கின் எல்லைக்குள் வெட்டும்படி அமைத்தும் வேலை செய்ததால், ஒளி மேலும் கீழும் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றது. அடுக்கை விரித்ததும் சரியாயிற்று. நான் பயன்படுத்திய காசியன் என்ற மங்கல் முறையில், மங்கல் எவ்வளவு பரவுகிறது என்பதைத் திட்டவிலக்கம் என்ற எண் குறிக்கும். ஒளி மூன்று திட்டவிலக்கத் தூரம்வரை கண்ணுக்குத் தெரியும் என்பதால், மிகப் பெரிய மங்கலின் திட்டவிலக்கம் 28 பிக்சல் என்றால் எழுத்தைச் சுற்றி 84 பிக்சலாவது வெற்றிடம் விட வேண்டும். விட்டேன்.

இரண்டாவது பிழை என்னை ஒரு நாள் முழுவதும் அலைக்கழித்தது. கிம்ப் 2.10இல், கருப்புத் தாளை அடியில் வைத்துப் பார்க்கையில் அகன்று, நிறைந்து, இதமாகத் தெரிந்த ஒளி, உலாவியில் அதே கருப்பின்மேல் ஏறியதும் ஒடுங்கிப் போனது. படத்தை ஏற்றுமதி செய்ததில் ஏதோ குறை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஏற்றுமதி செய்து பார்த்தேன். குறை அங்கே இல்லை. அந்தப் பதிப்பில் இயல்பான அடுக்கு முறை, நிறங்களை ஒளியின் நேர்விகித அளவில் கலக்கிறது. உலாவிகள் வழக்கமாகத் திரைக்கென்று வளைத்து வைத்த எண்களையே நேரடியாகக் கலக்கின்றன. கருப்பின்மேல் பாதி ஒளிபுகாமை கொண்ட வெள்ளையை வைத்தால் முதல் முறையில் 188 வருகிறது, இரண்டாவது முறையில் 128 வருகிறது. ஒளியின் ஓரப்பகுதி முழுவதும் இத்தகைய அரைகுறை ஒளிபுகாமையால் ஆனதென்பதால், வேறுபாடு அங்கேதான் மிகுதியாகத் தெரியும். அடுக்குகளைப் பழைய முறைக்கு மாற்றிய பிறகு, கிம்பில் பார்ப்பதும் உலாவியில் பார்ப்பதும் ஒன்றாயின. அதன் பின்னர் மங்கலின் வலிமையைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கணக்குகள் எல்லாம் வீண்.

மூன்றாவதைப் பிழை என்பதைவிட அவசரம் என்றுதான் சொல்ல வேண்டும். 1200க்கு 300 பிக்சல் கொண்ட ஒரு படம், சுருக்காத நிலையில் 14,40,000 பைட்டுகள். பிஎன்ஜி அதனை இழப்பின்றிச் சுருக்கினாலும், மெல்லத் தேயும் பரப்பு தட்டையான நிறப்பரப்பைப் போல எளிதாகச் சுருங்காது. அளவைக் குறைக்க ஒரு சுருக்கிக் கருவியில் கொடுத்தேன். அது நிறங்களை 256க்குள் அடக்கித் தந்தது. மஞ்சளும் அதன் எல்லா ஒளிபுகாமைப் படிகளும் அந்த 256 இடத்துக்குள் பங்கு போட்டுக்கொண்டதில், குளத்தில் கல்லெறிந்தாற்போல எழுத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டைகள் தோன்றின. முழு நிறப் பிஎன்ஜியிலிருந்து வெப்பி வடிவத்துக்கு மாற்றியபோது பட்டையும் இல்லை, அளவும் குறைந்தது. முன்பானால் ஐஃபோன்காரர்களுக்காக ஒரு பிஎன்ஜியைக் கூடவே வைக்க வேண்டும். ஐஃபோனின் உலாவியான சஃபாரியின் 2020இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் அந்தத் தேவை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

மறைந்துபோன புள்ளி

இதுவரை சொன்னவை எந்த மொழி எழுத்துக்கும் நேரக்கூடியவை. தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருந்ததை, படங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன என்று எண்ணிய நிலையில்தான் கவனித்தேன். கைபேசியின் அளவுக்குச் சுருங்கிய "கோயில் விழா" என்ற தலைப்பில் லகரத்தின் புள்ளி தனியாகத் தெரியவில்லை. அது எழுத்தின் தலையோடு ஒட்டி, ஒளிக்குள் ஒரு சிறு மேடாக மட்டும் நின்றது. "தொடர்பு" என்பதிலும் "திருமணம்" என்பதிலும் அதே நிலை. ஐந்து தலைப்புகளில் மூன்றில் புள்ளி இருந்தது; மூன்றிலும் கரைந்திருந்தது.

திருமணம் என்ற சொல்லில் இன்னொன்றும் நடந்திருந்தது. மூன்று சுழி ணகரத்தின் சுழிகளுக்கு இடையே உள்ள குறுகிய வெளியை ஒளி நிரப்பியதால், சுழிகளை எண்ண முடியாமல், அது ணகரமா னகரமா என்று உருவத்தை மட்டும் பார்த்துச் சொல்ல இயலவில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துப் பழகிய ஒளிவிளைவுகளில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை; அவற்றின் உள்வெளிகள் பெரியவை, எழுத்தை வேறுபடுத்தும் தலைப்புள்ளியும் இல்லை. அந்த அளவுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தது என் தவறு.

படிப்பவர் சொல்லைச் சூழலால் ஊகித்துவிடுவார் என்பது உண்மையே. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினார்கள், படித்தவர்கள் இடம்பார்த்து மெய்யென்றும் உயிர்மெய்யென்றும் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் சுவடி படிப்பவரின் பொறுமையைக் கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாது. மேலும், ஊகிக்கக்கூடிய சொற்களை வைத்துச் சோதித்தால் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. ஆகவே "னணனண, ல்லல், ர்ரர்" என்று பொருளற்ற ஒரு வரியை அதே ஒளியில் செய்து, கடையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் கைபேசியில் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். முதல் நான்கு எழுத்துகளில் இரண்டை மாற்றிப் படித்தார். கண்ணில் குறை என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, படத்தில்தான் குறை என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

திருத்தம் மூன்று இடங்களில் செய்யப்பட்டது. எழுத்துருவின் தடிமன், மிகத் தடித்ததிலிருந்து நடுத்தரத்துக்குக் குறைக்கப்பட்டது. ஒளியே எழுத்தைத் தடிப்பாக்கிக் காட்டும் என்பதால் எழுத்தும் தடித்திருக்கத் தேவையில்லை. அடுத்து, 120 பிக்சல் உயரத்தில் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே உள்ள வெளியை அளந்தேன். நான் எடுத்துக்கொண்ட எழுத்துருவில் அது 9 பிக்சலாக இருந்தது. எழுத்தை ஒட்டிய முதல் மங்கலின் திட்டவிலக்கத்தை 6இலிருந்து அந்த வெளியில் மூன்றில் ஒரு பங்காகிய 3க்குக் குறைத்ததும், வெளியின் நடுவில் ஒரு மெல்லிய நிழல் திரும்பி வந்து, புள்ளி தனியே நின்றது. இரண்டாம் மங்கல் 10, மூன்றாம் மங்கல் 28 என்பவை அப்படியே இருந்தன. அவை பரந்து மெலிந்தவை, வெளியை அடைப்பதில்லை. கடைசியாக, நடுவெழுத்தின் நிறத்தை 255, 250, 235 என்று இன்னும் வெளுக்க வைத்தேன். அதன் பிறகு காட்டியபோது அந்த இளைஞர் வரி முழுவதையும் தடங்கலின்றிப் படித்தார்.

வெள்ளைப் பக்கம்

விளிம்பு தூய்மையாகி, புள்ளியும் மீண்ட பிறகு படங்களை வெள்ளைப் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தோம். அழுக்கு இல்லை. ஒளியும் இல்லை. எழுத்தைச் சுற்றி இளமஞ்சள் ஈரம் படிந்ததுபோல் ஏதோ ஒன்று தெரிந்தது. வெண்மையான நடுவெழுத்தோ பக்கத்தோடு பக்கமாக மறைந்தது. கலப்பு முறையை மாற்றினால் சரியாகுமா என்று பார்த்ததில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒளியைக் கூட்டிக் காட்டும் ஸ்கிரீன் முறையில் வெள்ளையின்மேல் எதை வைத்தாலும் விடை வெள்ளைதான். படமே காணாமல் போயிற்று. திரையின் வெள்ளை, திரை தரக்கூடிய உச்சம். அதற்குமேல் கூட்டுவதற்கு இடமில்லை.

இதனை உரிமையாளரிடம் எப்படி விளக்குவதென்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பகல்ல சீரியல் போட்டா எவன் பார்ப்பான்? பின்னாடி கருப்புத் துணி கட்டு, அப்பத்தான் பல்பு பேசும்." கோயில் வாசலில் சாமி உருவம் போட்ட சீரியல் பலகைகளை நிறுத்தும்போது, சட்டத்தின் பின்னால் கருப்புத் துணி கட்டுவது அவர்களுடைய அன்றாட வேலை. "அண்ணா, சைட்டுல இருந்த துணிய நீங்கதானே அவுத்தீங்க" என்றேன். சிரித்துவிட்டார். நான் எண்களை வைத்துச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் பிடித்திருக்கும்.

ஆனாலும் கருப்பைத் திரும்பக் கொண்டுவர அவருக்கு மனம் இல்லை. கல்யாண வீட்டாரின் மறுப்பு நியாயமானது என்றே நானும் கருதினேன். பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும், தலைப்பு உட்காரும் இடத்தில் மட்டும் ஒரு அடர்நிறப் பட்டை இருக்கட்டும் என்று பேசி, அந்தப் பட்டைக்கு முகூர்த்தப் புடவையின் அரக்கு நிறத்தைத் தேர்ந்தோம். 72, 12, 24 என்ற அந்த அரக்கின்மேல் பாதி ஒளிபுகாமை கொண்ட நம் மஞ்சள் 164, 106, 42 என்று விழுகிறது. பார்வைக்கு அது அரக்குப் புடவையின் சரிகை. கருநீலத்தையும் பச்சையையும் வைத்துப் பார்த்தோம். கருநீலத்தில் மஞ்சளின் நடுப்படிகள் சாம்பலுக்குச் சாய்ந்தன. பச்சை அவருக்கே பிடிக்கவில்லை. பின்னணி இல்லாத படம் என்று பேசினாலும் அது எந்தத் தரையில் நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்திருந்தால், இந்த வேலையில் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

படமா, எழுத்தா

தரை முடிவான பிறகு, இந்த ஐந்தும் படங்களாக இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஒரு காலத்தில் தமிழ்த் தலைப்புகளைப் படமாகப் போட்டதற்குக் காரணம், பார்ப்பவரின் கணினியில் நம் எழுத்துரு இருக்காது என்பதே. இன்று எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பலாம். தலைப்பை எழுத்தாகவே வைத்து, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியாகிய சிஎஸ்எஸ்ஸில் உள்ள டெக்ஸ்ட் ஷேடோ என்ற பண்பினால் மூன்று நிழல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தால், அதே ஒளி கிடைக்கிறது. தேடுபொறி அதனைப் படிக்கும், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் சொல்லும், எந்தத் திரையிலும் கூர்மை குறையாது.

மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிம்பின் காசியன் மங்கலில் தரும் எண் திட்டவிலக்கமாகவே கொள்ளப்படுகிறது. சிஎஸ்எஸ்ஸில் தரும் மங்கல் ஆரத்தில் பாதிதான் திட்டவிலக்கம். ஆகவே 3, 10, 28 என்ற என் அளவுகள் 6, 20, 56 ஆக மாறின. அவற்றையும் பிக்சலில் எழுதாமல், 120 பிக்சல் உயரத்தால் வகுத்து, 0.05, 0.17, 0.47 என்று எழுத்தின் அளவைச் சார்ந்த எம் அலகில் எழுதினேன். கைபேசியில் எழுத்து சுருங்கும்போது ஒளியும் அதே விகிதத்தில் சுருங்கும். புள்ளியின் வெளி மீண்டும் அடைபடாது. முதலில் எழுதும் நிழல் மேலே வரும் என்பதால், சிறிய மங்கலை முதலில் வைப்பது முறை.

சீரியல் ஓடுவதுபோல் தலைப்பும் விட்டுவிட்டு ஒளிர வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார். நிழலின் ஆரத்தையே அசைத்தால் உலாவி ஒவ்வொரு சட்டத்துக்கும் மங்கலைப் புதிதாக வரைய வேண்டும். குறைந்த விலைக் கைபேசிகளில் அது திணறுகிறது. ஒளியில்லாத எழுத்தின்மேல் ஒளியுள்ள அதே எழுத்தை வைத்து, மேலுள்ளதன் ஒளிபுகாமையை மட்டும் ஏற்றி இறக்கும்படி செய்தேன். இரண்டு வினாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குவதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு வினாடியில் மூன்று முறைக்குமேல் எதுவும் மின்னக்கூடாது என்பது வலை அணுகல் நெறிமுறைகளில் உள்ள விதி, வலிப்பு நோய் உள்ளவர்களை முன்னிட்டு வகுக்கப்பட்டது. அசைவைக் குறைக்கும்படி கைபேசியில் அமைத்திருப்பவர்களுக்கு ஒளி அசையாமல் நிற்கும்.

படமாகவே எஞ்சியது முகப்பில் உள்ள கடைப்பெயர் மட்டும். அதில் எழுத்தைச் சுற்றிப் பல்புகளும் தோரணமும் வரையப்பட்டிருந்ததால் எழுத்தாக மாற்ற இயலவில்லை. அது பெருக்காத ஆல்ஃபாவோடு, இருமடங்கு அளவில், வெப்பி வடிவில், கடைப்பெயரையே மாற்றுரையாகக் கொண்டு ஏற்றப்பட்டது.

சித்ரா பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு தளம் வெளியாயிற்று. மறுநாள் காலையில் உரிமையாளர் அழைத்து, முகப்புப் படத்தைப் பிளக்ஸ் அடிக்கும் இடத்துக்கு அனுப்பியதாகவும், அங்கே அது கருப்புச் சதுரத்தோடு வந்து நிற்பதாகவும் சொன்னார். செய்திச் செயலியில் அதைப் புகைப்படமாக அனுப்பியிருந்தார்; செயலி அதனை ஜேபெக் ஆக்கிவிட்டது, ஜேபெக்கில் ஆல்ஃபா தடத்துக்கு இடமே இல்லை. ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும் என்று சொன்னேன். எனினும் அச்சு மையில் திரையின் ஒளி வராது என்பதால், அரக்குப் பட்டையின்மேல் எழுத்தையும் ஒளியையும் சேர்த்து ஒன்றாக்கி, ஒளிபுகுதல் எதுவும் இல்லாத தனிக் கோப்பு ஒன்றைப் பிளக்ஸ் அளவுக்குச் செய்து, அன்று மாலையே ஆவணமாக அனுப்பிவைத்தேன்.